கடுகு ஜாடியிலிருந்து குதித்த காளை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் என்றொரு ஊர். 1865 ஏப்ரலில் அதை ஊர் என்று சொன்னால் அதற்கே கூச்சமாக இருந்திருக்கும். வெறும் ரயில் நிறுத்தம். உள்நாட்டுப் போர் முடியும் நேரம். பக்கத்துப் பண்ணை வீட்டில் வடக்குப் படைத் தளபதி ஷெர்மனும் தெற்குப் படைத் தளபதி ஜான்ஸ்டனும் சரணடைவது எப்படி என்று நாள் கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் பேசினால் சிப்பாய்க்கு என்ன வேலை? அதுவரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த இரு தரப்பும் கைகோத்துப் போய், ஜான் ரஃபின் கிரீன் என்பவரின் புகையிலையைச் சூறையாடின. தேச ஒருமைப்பாடு முதலில் மலர்ந்த இடம் அதுதான்.

கிரீன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் கொள்ளையடித்தவர்கள் ஊர் திரும்பியதும் கடிதம் போட ஆரம்பித்தார்கள்: அதே சரக்கு வேண்டும், இந்தத் தடவை காசு கொடுக்கிறோம் என்று. கிரீன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குமுன் அவர் தன் சரக்கை ‘ஸ்பானியப் புகையிலை’ என்று விற்றுவந்தார். அதில் ஸ்பெயின் எங்கே இருந்தது என்று கேட்கக் கூடாது. இனி ஊர்ப் பெயரையே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். சரி, படத்துக்கு என்ன செய்வது?

கதை இப்படிப் போகிறது. சிப்பி வறுவல் சாப்பிட உட்கார்ந்தபோது எதிரே கோல்மன் கடுகு ஜாடி இருந்தது. அதன்மேல் ஒரு காளைத் தலை. கடுகு இங்கிலாந்தின் டர்ஹமிலிருந்து வருகிறது, நம் ஊரும் டர்ஹம், ஆகவே காளையும் நமக்கே என்று கிரீன் கணக்குப் போட்டார். கோல்மன் கம்பெனி இருந்தது நார்விச்சில். பூகோளத்தில் கோட்டைவிட்டாலும் கிரீன் கஞ்சத்தனம் காட்டவில்லை. கடுகுக்காரர் தலையோடு நிறுத்திக்கொண்டதை அவர் உடம்பு, வால் உட்பட முழு மாடாக்கினார். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது இங்கேதான் சரியாகப் பொருந்துகிறது.

1869இல் கிரீன் இறந்தார். வில்லியம் பிளாக்வெல் தொழிலை வாங்கினார்; 1874இல் பிரம்மாண்டமான செங்கல் ஆலை எழுந்தது. ஆலைச் சங்குக்குப் பதிலாக அங்கே நீராவியில் ஒரு காளை முக்காரமிட்டது, பல மைல் தூரத்துக்கு. காளையைத் திருடிய போட்டியாளர்கள்மேல் பிளாக்வெல் வழக்குமேல் வழக்காகப் போட்டார். ஜாடியிலிருந்து எடுத்த மாட்டுக்கு இத்தனை பட்டா, சிட்டா!

விளம்பரத்தைக் கவனித்தவர் பங்காளி ஜூலியன் கார். ஓவியர் கூட்டங்களை ஏணியும் வாளியுமாக நாடு முழுக்க அனுப்பினார். கண்ணில்பட்ட கிடங்கு, கொட்டகை, கடைச் சுவரிலெல்லாம் காளை ஏறியது. எகிப்துப் பிரமிடிலும் வரைந்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அதை நம்பக்கூடிய அளவுக்கு மிச்ச இடமெல்லாம் காளையாக இருந்தது என்பதுதான் விஷயம்.

ஓவியர்களில் பெரிய ஆசாமி ஜூல் கில்மர் கோர்னர். ரூபன் ரிங்க் என்ற புனைபெயரில் வரைந்தவர். இவர் வரைந்த காளையைப் பார்த்தால் அது பசுவோ என்ற சந்தேகம் யாருக்கும் வராது, அத்தனை தெளிவு. சீமாட்டிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஆனால் பார்த்த பிறகு. கண்டித்துப் பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் பறந்தன. அவற்றில் சிலவற்றை மொட்டைக் கடிதமாக எழுதிப் போட்டதே கோர்னர்தான் என்கிறார்கள். பிறகு தேவையான உயரத்தில், தேவையான இடத்தில் ஒரு வேலியை வரைந்து மானத்தைக் காப்பாற்றினார்களாம். வேலிக்குப் பின்னால் என்ன என்று பார்க்க வந்தவர்கள் புகையிலையும் வாங்கியிருப்பார்கள்! இந்தக் கோர்னர் கட்டிக்கொண்ட வீட்டுக்கே ‘கோர்னரின் முட்டாள்தனம்’ என்றுதான் பெயர். 22 அறைகளோடு இன்றும் நிற்கிறது.

இப்படிச் சுவர் வரைந்தவர்களைத் தொழில்வட்டாரத்தில் ‘சுவர் நாய்கள்’ என்பார்கள். நாய்கள் வரைந்த மாடு பல ஊர்களில் இன்னும் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் ஈயம். ஈய வெள்ளையை ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பெயிண்ட் செங்கல்லுக்குள் ஊறிப் பிடித்துக்கொண்டது. வரைந்தவர் உடம்புக்குள்ளும் அதே விசுவாசத்தோடு போய்த் தங்கக்கூடிய சாமான் அது. பக்கத்திலேயே இன்னொரு கட்டடம் ஒட்டி எழும்பி, வெயில் மழை படாமல் மறைத்துவிட்டால் யோகம்தான். அதை இடிக்கும்போது உள்ளே காளை பளிச்சென்று நிற்கும்.

காளையை முட்டி ஜெயிக்க முடியாது என்று புரிந்துகொண்ட உள்ளூர் டியூக் குடும்பம், சிகரெட் பக்கம் நகர்ந்து பான்சாக் இயந்திரத்தைப் பிடித்தது. இயந்திரம் சுருட்டித் தள்ள, பணம் குவிய, 1890களின் முடிவில் டியூக்கின் அமெரிக்கன் டொபாக்கோ காளையையே கட்டி ஓட்டிப்போனது.

போரில் சாதாரணச் சிப்பாயாக இருந்த ஜூலியன் கார், பிற்காலத்தில் ‘ஜெனரல்’ ஆனார். முன்னாள் வீரர் சங்கம் கொடுத்த பட்டம். 1913இல் சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் தென்படைச் சிலையின் திறப்பு விழாவில் பேசி, ஒரு கறுப்பினப் பெண்ணைத் தான் சவுக்கால் அடித்ததை மேடையிலேயே பெருமையாகச் சொன்னார். அவருடைய ஊரின் ஆலைகளில் வியர்வை சிந்தியவர்களில் ஏராளமானோர் கறுப்பினத்தவர். 2018இல் போராட்டக்காரர்கள் அந்தச் சிலையை இழுத்துத் தள்ளினார்கள். அதே ஆண்டு டியூக் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றிலிருந்து காரின் பெயரும் இறங்கியது. காளையை இறக்க யாரும் கேட்கவில்லை.

1987இல் கம்பெனி டர்ஹமை விட்டு மூட்டை கட்டியது. ஊர் மட்டும் ‘காளை நகரம்’ என்ற பெயரை விடவில்லை; பேஸ்பால் அணிக்கும் காளைப் பெயர்தான். அணியின் மைதானத்தில் ஒரு பெரிய காளைப் பலகை உண்டு, மூக்கில் புகைகூட வரும். முதலில் ‘புல் டர்ஹம்’ (டர்ஹம் காளை) என்ற 1988 சினிமாவுக்காகச் செய்தார்கள், ஊருக்குப் பிடித்துப்போய் அதே மாதிரி வைத்துக்கொண்டார்கள். பந்து காளைமேல் பட்டால் மாட்டுக்கறி பரிசு என்று அதிலேயே எழுதியிருக்கிறது. காலடியில் உள்ள புல்லில் பட்டால் சாலட்.