தட்டிப் பார்க்காதீங்க அண்ணே

(நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடற்கரை. விலைக்கு நிற்கும் பழைய ஃபைபர் படகு. ஒருவர் தரகர், மற்றவர், வாங்குகிறவர் கூட்டிவந்த ஃபைபர் மேஸ்திரி.)

தரகர்: முகம் பாத்து மீசை வெட்டிக்கலாம் அண்ணே! ஒரு கீறல் காட்டுங்க, படகைச் சும்மா தர்றேன்.

மேஸ்திரி: பெயின்ட் எப்ப அடிச்சது?

தரகர்: நேத்து சாயங்காலம். திருஷ்டிக்கு.

மேஸ்திரி: படகு?

தரகர்: சுனாமி நிவாரணத்துல வந்தது. அந்தக் காலத்துச் சாமான்!

மேஸ்திரி: அந்த அவசரத்துல கண்ணாடி இழை மேட்டைக் குறைச்சு ஊத்துன படகு எத்தனையோ எங்கிட்ட ஒட்டுக்கு வந்திருக்கு. (நாணயத்தால் அடிப்பாகத்தைத் தட்டுகிறார்.)

தரகர்: தேங்காயா வாங்குறீங்க?

மேஸ்திரி: இங்க 'டிங்'குங்குது, இங்க 'டொப்'புங்குது. உள்ள அடுக்கு விட்டிருக்கு.

தரகர்: வெடிப்பே இல்லையே!

மேஸ்திரி: இரும்புன்னா பெரும்பாலும் ஒரு இடத்துல வெடிப்பு விட்டு நீண்டுக்கிட்டே போகும், தேடிப் பிடிச்சிடலாம். இதுல அலை அறையுற ஒவ்வொரு அறைக்கும், டிராக்டர் மணல்ல இழுக்குற ஒவ்வொரு இழுப்புக்கும் ரெசினுக்குள்ள மயிரிழை வெடிப்பு அங்கங்க விழும். அதெல்லாம் சேர்ந்து அடுக்கைப் பிரிக்கும். கண்ணாடி இழை கொத்தா அறுந்துபோறது கடைசியிலதான். அதுவரைக்கும் மேல பளபளன்னு இருக்கும், விறைப்பு மட்டும் போய்க்கிட்டே இருக்கும். கடல்ல அடிவயிறு உள்வாங்குதா?

தரகர்: அது சொகுசு அண்ணே, உடம்பு அலுக்காது!

மேஸ்திரி: உப்புத்தண்ணி படாத உருக்குக்கு ஒரு வரம்பு உண்டு, அதுக்குக் கீழ பளு இருந்தா கோடித் தடவை ஆட்டினாலும் தாங்கும். கண்ணாடி இழைக்கு அப்படி வரம்பை நம்ப முடியாது. அலை ஒண்ணொண்ணும் கணக்குல ஏறும்.

தரகர்: ஏரோப்ளேனே இதுலதான் பறக்குது! போயிங் 787 எடையில பாதி இந்த மாதிரி சாமான்தானாம்.

மேஸ்திரி: அதை அல்ட்ராசவுண்ட் வச்சுப் பாக்குறாங்க, பெயின்ட் வச்சு இல்ல. டைட்டானிக்கைப் பாக்கப் போன டைட்டன் நீர்மூழ்கியும் கார்பன் ஃபைபர்தான். 2022 ஜூலையில அது மேல வர்றப்ப பெருசா ஒரு சத்தம். கருவியும் பதிவு பண்ணுச்சு. அப்புறமும் இறக்கினாங்க. 2023 ஜூன்ல அஞ்சு பேர் போய்ச் சேர்ந்தாங்க.

தரகர்: அது கடலுக்கு அடியில போற வண்டி அண்ணே!

மேஸ்திரி: இதுவும் அடியில போயிடக் கூடாதுன்னுதானே என்னைக் கூட்டியாந்திருக்காங்க.

தரகர்: சரி, மேல ஒரு மேட் ஒட்டினா சத்தம் மாறுமா?

மேஸ்திரி: பிரிஞ்சதைத் தேய்ச்செடுத்து, ஈரம் காயவச்சு ஒட்டணும். இல்லேன்னா அதுவும் பெயின்ட்தான். நகருங்க, அணியத்துல தட்டணும்.

தரகர்: அங்க தட்டினா எப்படியும் அஞ்சாயிரம் குறைப்பீங்க. தட்டாமலே மூவாயிரம் குறைச்சுக்குறேன், விடுங்க அண்ணே!