உலாவிக்குள் ஓர் உதவியாளர்

கேள்வி: லண்டனிலிருந்து மகன் காசு போடும் வங்கிக் கணக்கை, உலாவியில் இருக்கிற ஏஐ உதவியாளர் 'வாசித்துச் சொல்லட்டுமா' என்று கேட்கிறது. விடலாமா? (வாசகி, சுன்னாகம்)

பதில்: படலையடியில் நின்று எவரோடும் கதைக்கலாம், அலுமாரித் திறப்பைக் கொடுக்கலாமா?

நூலகம் இணையத்தளத்தில் 2005 முதல் சேர்ந்துவரும் ஈழத்துச் சஞ்சிகைகளை அது தாராளமாக வாசித்துச் சுருக்கித் தரட்டும். அவை எல்லோருக்கும் பொது. வங்கி, மின்னஞ்சல், கிளினிக் அறிக்கை அப்படியல்ல. நீங்கள் உள்நுழைந்திருக்கும் பக்கத்தில் உதவியாளர் உங்கள் பெயரிலேயே நடமாடும்.

2025 ஆகஸ்டில் பிரேவ் உலாவி நிறுவனத்தார் இந்த ஆபத்தைச் செய்தே காட்டினார்கள். ரெடிட் தளத்துப் பின்னூட்டம் ஒன்றில் சில கட்டளைகளை மறைத்து வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைச் சுருக்கித் தரும்படி பெர்பிளெக்சிட்டி நிறுவனத்தின் காமெட் உலாவியில் உள்ள ஏஐ உதவியாளரிடம் கேட்டார்கள். மறைந்திருந்ததையும் பயனரின் கட்டளையாகவே எடுத்துக்கொண்ட உதவியாளர், அவருடைய மின்னஞ்சலுக்குள் போய், ஒருமுறைக் கடவுச்சொல்லை எடுத்து, வெளியே பதிந்துவிட்டது. களவெடுத்தவர் கதவை உடைக்கவே இல்லை!

உதவியாளருக்கென்று உலாவியில் தனிக்கணக்கு வையுங்கள். அதில் வங்கிக்குள் நுழையாதீர்கள். எல்லாத் தளங்களுக்கும் அனுமதி கேட்டால் மறுத்து, வேண்டிய தளத்துக்கு மட்டும் கொடுங்கள். மகன் போட்ட காசை நீங்களே பாருங்கள், அம்மா.