பாஸ்டன் கடிதம்: பர்னருக்கு ஏர் எடுப்பது

எண்ணெய் பர்னரின் பம்பு காற்றைக் குடித்துவிட்டால் வீடு குளிர்ந்துவிடும். மாசசூசெட்ஸ், மெய்ன் பக்கத்துப் பழைய வீடுகளில் பேஸ்மென்ட் மூலையில் 275 காலன், அதாவது ஆயிரம் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும் இரும்பு டேங்க் இருக்கும். அதில் ஊற்றுவது ஏறக்குறைய டீசல்தான். சாலை வரி கட்டாத சரக்கு என்று தெரிவதற்காகச் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். லாரிக்காரர் நிரப்பும்போது டேங்கிலுள்ள விசில் ஊதிக்கொண்டே இருக்கும். நின்றால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். நிறையும்போது இவ்வளவு சத்தம் போடும் டேங்க், காலியாகும்போது மூச்சு காட்டாது. அளவு பார்க்க மிதவை உண்டு. பார்க்கப் படியிறங்கும் ஆள்தான் இல்லை.

விஷயம் வெளியே வருவது பெரும்பாலும் நடுராத்திரியில், ரேடியேட்டர் சில்லிட்ட பிறகு. அவசரத்துக்குப் பெட்ரோல் பங்கில் மஞ்சள் கேன் நிறைய டீசல் வாங்கி ஊற்றலாம். பர்னருக்கு வித்தியாசம் தெரியாது, பர்ஸுக்குத் தெரியும். ஊற்றியும் பர்னர் எரியாது, ஏனென்றால் குழாயில் இப்போது இருப்பது காற்று. ஊரில் டீசல் இன்ஜின் வைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது பழகிய சங்கதி: டேங்க் வற்றினால் லைனில் ஏர் பிடிக்கும், ஏர் எடுத்தால்தான் ஓடும். மேல்படிப்புக்கு வந்தவர் கையைப் பிசையும் இடத்தில், பம்புசெட் ஓட்டிய சித்தப்பா ஸ்பேனரைக் கேட்பார்.

அதற்குள் கண்ணில் படுவது பர்னரின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள சிவப்புப் பொத்தான். பர்னருக்குள் ஒரு ஒளிக்கண் சுடரைப் பார்த்தபடி இருக்கும். பெட்டியைப் பொறுத்து 15 முதல் 45 நொடிக்குள் சுடர் தெரியாவிட்டால் எல்லாம் நின்றுவிடும். பொத்தானை அமுக்கினால் இன்னொரு வாய்ப்பு. குளிரில் நடுங்குகிறவர் ஒரு தடவையோடு விடுவதில்லை. எண்ணெயைத் தெளிக்கும் நாசிலுக்கு எண்ணெய் வந்தும் பற்றாமல் இருந்தால், ஒவ்வொரு அமுக்கலுக்கும் உள்ளே எண்ணெய் தேங்கும். அது மொத்தமாகப் பற்றுவதைத்தான் பஃப்பேக் என்கிறார்கள்: டமாரென்று ஒரு சத்தம், பிறகு சோபா, திரைச்சீலை, சாமி படம் எல்லாவற்றிலும் கரி.

ஏர் எடுக்கத் தேவையானவை 3/8 அங்குல ஸ்பேனர், கால் அங்குல உள்விட்டமுள்ள தெளிவான பிளாஸ்டிக் குழாய், ஒரு டப்பா. பம்பின் பக்கவாட்டில் ப்ளீடர் என்ற சின்ன வால்வு துருத்திக்கொண்டிருக்கும். அதில் குழாயை மாட்டி மறுமுனையை டப்பாவில் விட வேண்டும். டேங்க் வால்வு திறந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, ப்ளீடரை ஒரு சுற்று தளர்த்தி பர்னரை ஓடவிட வேண்டும். முதலில் ஒன்றும் வராது. பிறகு நுரையும் எண்ணெயுமாகத் துப்பும். குமிழிகள் ஓய்ந்து சிவப்பு எண்ணெய் ஒரே சீராக வந்ததும், மோட்டார் ஓடும்போதே வால்வை மூட வேண்டும். உள்ளே 'குப்' என்று பற்றும். அந்தச் சத்தத்துக்கு இணையான கச்சேரி மார்கழியில் மயிலாப்பூரிலும் கிடையாது. புதிய கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் இதற்கென்றே சில நிமிடம் ஓடவிடும் வசதி உண்டு. டேங்குக்குத் திரும்பும் குழாயும் உள்ள இரட்டைக் குழாய் அமைப்பில் காற்று தானாகவே வெளியேறிவிடும்.

எவ்வளவு நேரம் விட்டாலும் குமிழி நிற்கவில்லை என்றால், உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது. ஃபில்டர் மூடியின் வாஷரோ, தளர்ந்த ஃப்ளேர் நட்டோ காரணமாக இருக்கும். பழி என்னவோ பம்பின் மேல்தான் விழுகிறது. மோட்டார் சுழன்றும் எண்ணெயே வராதபோதும் அப்படித்தான். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் மலிவான பிளாஸ்டிக் கப்ளிங் உடைந்திருக்கும்.

உண்மையைச் சொல்வது கேஜ். பம்பின் உறிஞ்சும் வாயில் வெற்றிட கேஜ் வைத்தால், டேங்க் பர்னரைவிட உயரத்தில் இருக்கும் வீட்டில் முள் பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். பாதரச அளவில் 10 அங்குலத்தைத் தாண்டினால் அடைப்பு: ஃபில்டரில் சேறு, நசுங்கிய செம்புக் குழாய், அல்லது வெளியே வைத்த டேங்கில் குளிருக்கு மெழுகாக உறைந்த எண்ணெய். அழுத்த கேஜை நாசில் குழாய் சேரும் இடத்தில் பொருத்துவார்கள். பழைய பர்னர்களில் 100 பிஎஸ்ஐ, புதியவற்றில் பெரும்பாலும் 140 காட்ட வேண்டும். அதைவிட முக்கியம் மோட்டாரை நிறுத்திய பிறகு நடப்பது. நூறில் இருந்த முள் எண்பதை ஒட்டி இறங்கி, ஐந்து நிமிடம் அங்கேயே நின்றால் பம்பு சரியாக இருக்கிறது. பூஜ்யத்துக்குச் சரிந்தால் பம்பின் உள்வால்வு மூடவில்லை; பர்னர் அணைந்த பிறகும் நாசில் சொட்டும், புகையும் நாற்றமும் வரும். அப்படிப்பட்ட பம்பைப் பிரித்துப் பார்த்து நேரத்தை வீணாக்குவதில்லை, புதிது மாட்டிவிடுகிறார்கள்.

ஆகவே, பம்பு போய்விட்டது என்று சொல்லும் மெக்கானிக்கிடம் இரண்டு கேஜையும் மாட்டிக் காட்டச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு காசை எண்ணுங்கள்.