கூட்டம் யாருடைய குற்றம்?

பொழுதுபோக்குப் பூங்காவிலிருந்து வீடு திரும்பும் வழியில், வெயிலில் வாடிய முகங்களும் ஈரத்துணி மூட்டையுமாக வண்டி நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: இன்றைக்குத்தான் போகணும் என்று சொன்னது யார்? உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். நாள் குறித்தவர், டிக்கெட் எடுத்தவர், கிளம்பத் தாமதித்தவர், அடம்பிடித்த குழந்தை என்று பழி ஒரு சுற்றுச் சுற்றி, பதில் பேசத் தெரியாதவர் தலையில் போய் இறங்கும்.

எங்கள் சிறுவயதில் இப்படிக் கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. கூட்டத்துக்கு ஒன்றும் குறைவில்லை. பொங்கல் கழிந்ததும் சென்னைத் தீவுத்திடலில் பொருட்காட்சி களைகட்டிவிடும். பல்லவன் பேருந்தில் நசுங்கி, மன்றோ சிலைப் பக்கம் இறங்கி, அப்பா மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கை சிவக்க உள்ளே நுழைந்தால், ஊரே திரண்டு வந்ததுபோல் தலைகள். ஒலிபெருக்கியில் காணாமல்போன பிள்ளைகளின் சட்டை நிறம் ஒலித்துக்கொண்டிருக்கும். கேட்கக் கேட்க எங்கள் பிடி இன்னும் இறுகும். கூட்டத்தைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்த காலம் அது. புதுச்சேலை, புதுமணத் தம்பதி, வெளியூர்க்காரர்களின் விதவிதமான தலைப்பாகை என்று எல்லாமே எங்களுக்கு வேடிக்கை.

நுழைவுச் சீட்டு மலிவு. உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச் சீட்டு. அப்பா வாசலிலேயே சொல்லிவிடுவார்: “ஆளுக்கு ஒண்ணுதான். எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.” அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சாக்கில் திடல் முழுக்க நடப்போம். ராட்சத ராட்டினமா, மரப்பலகைச் சுவர் அதிர மோட்டார் சைக்கிள் சுற்றும் மரணக் கிணறா, ஆளைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டும் கண்ணாடிக் கூடமா என்று தங்கையோடு வாதாடிக்கொண்டே தீயணைப்புத் துறை அரங்கில் வண்டியைத் தொட்டுப் பார்த்து, மின்வாரிய அரங்கில் பொம்மை அணையிலிருந்து தண்ணீர் விழுந்து குட்டி விளக்கு எரிவதை வாய்பிளந்து பார்த்து, முகத்தை மறைக்கும் அளவு பெரிய டெல்லி அப்பளத்தை நான்கு பேராக உடைத்துத் தின்றுவிட்டு, கடைசியில் ராட்டினத்தின் உச்சியில் அரை நிமிடம் நின்று கூவத்தையும் அதற்கப்பால் ஊரின் விளக்குகளையும் பார்ப்போமே, அந்த அரை நிமிடம் அடுத்த பொங்கல்வரை தாங்கும்.

பிறகு காலம் மாறியது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மைடியர் குட்டிச்சாத்தா’னை 1984-இல் தந்த நவோதயா அப்பச்சன், 1995-இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவைத் திறந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பூந்தமல்லிப் பக்கமும் பூங்காக்கள் வளர்ந்தன. அலைக்குளமும் நீர்ச்சறுக்கும் எங்கள் தலைமுறை கனவிலும் காணாதவை. அவற்றில் பேரப்பிள்ளைகள் கூச்சலிட்டுச் சறுக்கி வருவதைப் பார்க்கும் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றோடு ஒற்றை டிக்கெட்டும் வந்தது. ஒருமுறை பணம் கட்டினால் எல்லாமே உங்களுடையது. என் எண்ணத்தில், மனக்குறை நுழைந்த வாசல் அதுதான்.

இந்தத் தொழிலின் தாய்வீட்டிலும் இதே கதைதான். கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறந்தபோது, போலிச் சீட்டோடு வந்தவர்களும் சேர்ந்து கூட்டம் கட்டுக்கடங்காமல் போனது. புதிதாகப் போட்ட தார் வெயிலில் இளகிப் பெண்களின் குதிகால் செருப்பைப் பிடித்துக்கொண்டது. குடிநீர்க் குழாய்களும் போதவில்லை. அதே ஆண்டிலேயே விளையாட்டுகளைத் தரம் பிரித்துச் சீட்டுப் புத்தகம் கொண்டுவந்தார்கள். பெரிய விளையாட்டுக்கான சீட்டு சிலதான் கிடைக்கும், பார்த்துச் செலவிட வேண்டும். 1982-இல் அந்தப் புத்தகம் போய், எல்லாவற்றுக்கும் ஒரே கட்டணம் என்றானது. அதன்பிறகு, ஏறாமல் விட்ட ஒவ்வொரு விளையாட்டும் கொடுத்த பணத்தில் விழுந்த நட்டமாகத் தெரிகிறது. முன்னால் நிற்கும் மனிதர் வேடிக்கைப் பொருளாக இருந்தது போய் வழிமறிப்பவராகிவிட்டார்.

சென்ற அரையாண்டு விடுமுறையில் ஒரு பூங்காவுக்குப் போயிருந்தோம். வாசலில் புளியோதரைப் பொட்டலத்தைத் திருப்பிவிட்டார்கள். உள்ளே பேரன் ஆசைப்பட்ட ஒரே விளையாட்டுக்கு வரிசை வளைந்து வளைந்து போனது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கு 24 பேர், ஏறி இறங்க 4 நிமிடம் என்றால் மணிக்கு 360 பேர், 1,800 பேர் ஆசைப்பட்டால் கடைசி ஆளுக்கு 5 மணி நேரம். இந்தக் கணக்கு டிக்கெட் விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிற நமக்குத் தெரியாது. பக்கத்திலேயே கூடுதல் பணம் கட்டியவர்களுக்கென்று தனிவழி. அதில் ஒவ்வொரு குடும்பமாக நுழையும்போதும், வெயிலில் நிற்கும் தகப்பன்மார் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள். பொருட்காட்சியில் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே வரிசைதான் இருந்தது.

திரும்பும்போது வழக்கமான பேச்சு தொடங்கியது. “ஸ்கூல் லீவுல வேணாம்னு அப்பவே சொன்னேன்” என்றாள் மருமகள். “லீவு இல்லாம புள்ளைய எப்படிக் கூட்டிட்டு வர்றது?” என்றான் மகன். சற்று நேரம் கழித்துப் பின்னிருக்கையிலிருந்து பேரன் சொன்னான்: “நான்தான் கேட்டேன். சாரிப்பா.” எட்டு வயதுப் பிள்ளை அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லும் நிலைக்கு நாம் அவனைக் கொண்டுவந்திருக்கக் கூடாது.

குற்றவாளி யார் என்று கேட்டால் என் பதில் இதுதான். மாநிலம் முழுக்கப் பள்ளிகளுக்கு ஒரே வாரத்தில் விடுமுறை. அந்த வாரத்தில் எத்தனை பேருக்கு இடமுண்டோ அத்தனை பேரோடு கதவை மூடுவது பூங்கா நடத்துபவரின் கடமை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் டிக்கெட் வாங்கும் முன்பே பலகையில் எழுதி வைக்கலாம். காரணமும் அளவும் தெரியாத காத்திருப்புதான் ரொம்ப நீளமாகத் தோன்றும் என்று, காத்திருப்பின் உளவியலை ஆராய்ந்த டேவிட் மைஸ்டர் 1985-லேயே எழுதிவிட்டார். வீட்டுக்குள் யாரும் குற்றவாளி இல்லை. ஆண்டு முழுவதும் அலுவலகத்துக்கும் டியூஷனுக்கும் கொடுத்த நேரத்தை ஒரே பகலில் மீட்டுவிடத் துடிக்கும் பெற்றோர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, இரக்கம்தான் வருகிறது. அந்தப் பகலின் மேல் அவ்வளவு பாரம் ஏற்றவேண்டாம் என்று மட்டும் அவர்களிடம் கேட்டுக்கொள்வேன்.

பேரனிடம் இப்போதே பேசிவிட்டேன்: “அடுத்த தடவை போனா ரெண்டு விளையாட்டு போதும்டா. மத்த நேரம் தாத்தாகூட சும்மா சுத்திப் பாக்கலாம்.” அவன் முகம் சுளிப்பான் என்று எதிர்பார்த்தேன். “எந்த ரெண்டுன்னு நான்தான் சொல்லுவேன்” என்றான். அன்று மாலையிலிருந்து அந்தத் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. நாளுக்கொரு முடிவு, நாளுக்கொரு மாற்றம். விடுமுறைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, அவனுக்கு விளையாட்டு தொடங்கிவிட்டது.