கோணலாகவே ஓடட்டும்!

கே: எங்கள் ஊர் ஓடையை ஜேசிபி வைத்து நேராக்கி, இரு கரையும் அடியும் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். பளிச்சென்று இருக்கிறது. இனி மீன் பெருகும்தானே? (சங்கரன்கோவில் வாசகர்)

ப: திறப்பு விழாவுக்கு எல்லாரும் வருவார்கள், மீன் வராது. ஓவன் கார்மன், ஜேம்ஸ் கார் என்ற இருவர் அமெரிக்காவின் இண்டியானாவிலும் பனாமாவிலும் சிற்றோடைகளில் மூன்றை அளந்தார்கள்: ஆழம், நீரின் வேகம், அடியில் கிடப்பது மணலா, பரலா, பாறையா என்பது. 1978-ல் வெளிவந்த அவர்கள் கட்டுரையின் சாரம், இவை எவ்வளவுக்கு மாறி மாறி வருகின்றனவோ அவ்வளவுக்கு மீன் வகையும் கூடும் என்பதே. இயல்பான ஓடையில் மீன் வகைகள் பருவத்துக்குப் பருவம் அவ்வளவாக மாறவில்லை. மனிதர் திருத்திய ஓடையிலோ வருவதும் போவதுமாக இருந்தன. கோடையில் தண்ணீர் சுருங்கும்போது ஒதுங்க ஆழமான ஒரு கசமாவது வேண்டாமா? காண்ட்ராக்டருக்குக் கசம் தெரியாது. குழி தெரியும், அதை மூடவும் தெரியும்.

கே: ஓடைக்குள் ஒரு மருதமரம் விழுந்து கிடக்கிறது. அகற்றச் சொல்லி மனு கொடுக்கலாமா? (அம்பாசமுத்திரம் வாசகர்)

ப: பாலத்தை அடைக்கிறதென்றால் கொடுங்கள். இல்லையென்றால் மனுவை மடித்து வையுங்கள். அமெரிக்காவின் வடமேற்கில், சால்மன் ஏறிவரும் வழியை மறிக்கின்றன என்று சொல்லி, ஓடைகளில் கிடந்த மரங்களைப் பல ஆண்டுகள் செலவழித்து அப்புறப்படுத்தினார்கள். பிறகுதான் உறைத்தது: கட்டை கிடக்கும் இடத்தில்தான் தண்ணீர் அடியைக் குடைந்து கசம் உண்டாக்குகிறது. முட்டையிடத் தோதான பரல் அங்கேதான் தங்குகிறது, குஞ்சுகள் ஒளிவதும் அங்கேதான். இப்போது அந்தப் பக்கத்து ஓடைகளில் ஹெலிகாப்டர் வைத்துக்கூடக் கட்டைகளைக் கொண்டுவந்து போடுகிறார்கள். எடுத்ததற்கும் பில், போட்டதற்கும் பில். மெதுவாகப் பேசுவோம், நம்மூரில் யார் காதிலாவது விழுந்துவிடப் போகிறது.

கே: ஒரே கசத்தில் ஐந்தாறு வகை மீன்கள் சண்டையில்லாமல் இருக்கின்றன. எங்கள் வீட்டில் நாலு பேரால் முடியவில்லையே? (கோவை வாசகி)

ப: மீன்களுக்குத் தனித்தனி மாடி, தனித்தனி அடுப்படி அம்மா! மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளைப் பாருங்கள். மேல்மட்டத்தில், மரத்திலிருந்து விழும் பூச்சிக்குக் காத்திருக்கும் பொடி மீன்கள். நடுவில் கெண்டைகள். அடியில், பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னும் கல்லொட்டி. கீழுதட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளத் தோதான ஒரு வட்டு இருப்பதால், என்ன வேகத்தில் தண்ணீர் பாய்ந்தாலும் பிடியை விடாது. பாறையை எடுத்துவிட்டால் அந்தத் தளமே காலி. சண்டையே இல்லை என்றும் சொல்ல முடியாது. நீங்கள் பார்க்கும்போது இல்லை, அவ்வளவுதான்.

கே: ஜிலேபி கெண்டை மட்டும் எங்கு பார்த்தாலும் இருக்கிறதே? (மேட்டூர் வாசகர்)

ப: 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். ஓடிய தண்ணீரை அணை கட்டி நிறுத்தினோம். நின்ற தண்ணீர் அதற்குப் பிடித்துப்போய்விட்டது. முட்டையையும் வாய்க்குள்ளேயே அடைகாக்கும். அதற்கு என்ன கவலை?

கே: அயிரை மீன் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. ஏன்? (மதுரை வாசகி)

ப: குழம்பு வைக்குமுன் உயிர் அயிரையைப் பாலில் விட்டு மண்ணைக் கக்க வைப்பீர்களே, அந்த மண்ணிடம் கேளுங்கள். அயிரை, ஆபத்து என்றால் மணலுக்குள் புதைந்துகொள்கிற மீன். மணலை லாரி லாரியாக ஏற்றி அனுப்பிவிட்டு அயிரையை மட்டும் ஆற்றில் தேடினால் எப்படி? 1846-ல் இதற்கு அறிவியல் பெயர் வைக்கப்பட்டபோது ஆதாரமாக இருந்தவை திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியா வெந்நீரூற்று மீன்கள். வெந்நீரைத் தாங்கியது, லாரியைத் தாங்கவில்லை. பால் வாங்கி வைத்திருந்தால் காபி போட்டுக் குடியுங்கள்.