வெளிமுற்ற மரப்பெஞ்சின் இலக்கணம்: சுங்கை வே வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வெளிமுற்ற மரப்பெஞ்சு எனப்படுவது, கூரையின் காவல் முழுமையாகக் கிட்டாத இடத்தில், கூலி பெறாத ஒருவரால், விடுமுறை நாள்களில் மட்டும் செய்யப்பட்டு, மழைக்கும் வெயிலுக்கும் கறையானுக்கும் அயலார் கருத்துக்கும் ஒருங்கே ஆட்படும் இருக்கையாகும். இவ்வரையறையில் 'கூலி பெறாத' என்னும் அடை இன்றியமையாதது. தச்சர் செய்தால் அது தளவாடம், குடும்பத் தலைவர் செய்தால்தான் அது ஆராய்ச்சிக்குரிய பொருள்.

இவ்வாய்வுக்கு மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள சுங்கை வே தேர்ந்துகொள்ளப்பட்டதற்குக் காரணங்கள் உள. 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் உருவான சீனப் புதுக்கிராமமும், 1971ஆம் ஆண்டின் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டத்தைத் தொடர்ந்து எழுந்த ஏற்றுமதித் தொழிற்சாலைகளும், ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் இன்று உயிர்வாழும் சீபோர்ட் போன்ற ரப்பர்த் தோட்டங்களின் நினைவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் வட்டாரம் இது. தொழிற்சாலை மரத்தைத் தருகிறது. தோட்டம் மரத்தைப் பற்றிய பிடிவாதத்தைத் தருகிறது. தாமான் என வழங்கும் வீடமைப்புப் பகுதியின் வரிசை வீடோ, கார் நின்றது போக எஞ்சும் சிறிது போர்ச்சுத் தரையைத் தருகிறது. பெஞ்சு இம்மூன்றின் கூட்டு விளைவு.

மரத்தைப் பொறுத்துப் பெஞ்சு செய்வோரிடம் மூன்று மரபுகள் உள. முதலாவது பேலட் மரபு. தொழிற்சாலை தரும் மரமாவது பேலட், அதாவது சரக்கை அடுக்கி ஃபோர்க்லிஃப்ட் வண்டியால் தூக்குவதற்கென ஆணியடித்துச் செய்த மரத்தட்டு. நாடுவிட்டு நாடு செல்லும் பேலட்டுகளில் கோதுமைக் கதிர் வடிவமும், நாட்டைக் குறிக்கும் ஈரெழுத்தும், பதப்படுத்திய முறையைக் குறிக்கும் எழுத்துகளும் முத்திரையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 'எச்.டி.' என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் ஏற்றப்பட்டது என்றும், 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகை காட்டப்பட்டது என்றும் பொருள். பின்னதை வீட்டுக்குக் கொண்டுவரலாகாது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. முன்னதைப் பற்றித்தான் பெரும்பிழை நேர்கிறது. வெப்பம் அன்றைக்கு உள்ளே இருந்த பூச்சியைக் கொல்லுமேயன்றி நாளைக்கு வரும் பூச்சியைத் தடுக்காது. ஆயினும் முத்திரையைக் கண்ட பொழுதுபோக்குத் தச்சர், தம் மரம் கறையானுக்கு எதிராகக் காப்புறுதி எடுத்திருப்பதாகவே கருதி மகிழ்கிறார். கிள்ளான் பள்ளத்தாக்கின் கறையான்கள் இம்முத்திரையைப் படிப்பதில்லை. மேலும், பேலட்டின் ஆணிகள் பெரும்பாலும் கழன்று வராதபடி முறுக்கப்பட்டவையாதலால், இலவசமாகக் கிடைத்த பலகையில் ஒரு பங்கு பிரிக்கும்போதே பிளந்து, பெஞ்சின் நீளத்தைத் தச்சருக்குப் பதிலாக அதுவே தீர்மானிக்கிறது.

இரண்டாம் மரபு பால்மர மரபு. தோட்டத்து மக்கள் ரப்பரைப் பால்மரம் என்றே வழங்கினர். 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டு, அவற்றுள் ஒன்று இன்றளவும் நிற்கிறது. அதன் இனத்தை நிரை நிரையாகச் சீவித் தேய்ந்த கைகளின் பேரப்பிள்ளைகள் சுங்கை வேயில் பெஞ்சு செய்கிறார்கள். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் வற்றி வெட்டப்படும் இம்மரம், நெடுங்காலம் செங்கற்சூளைக்கும் புகைக்கூடத்துக்கும் விறகாகவே போய், 1980கள் முதற்கொண்டே ஏற்றுமதித் தளவாடமாக மதிப்புப் பெற்றது. வெளிர்நிறமும் இழைப்புளிக்கு இணங்கும் குணமும் உடைய இதைவிட நல்ல மரம் வேறில்லை என்று ஒருவர் வாதிட்டால், வரவேற்பறையைப் பொறுத்தவரை அவர் கூற்று சரி. வெளிமுற்றத்தில் நிலைமை வேறு. மாவுச்சத்து மிகுந்த இம்மரத்தைப் பூஞ்சையும் துளைப்பான் வண்டும் விருந்தாகவே கொள்வதால் அதற்குப் போரான் உப்பு ஏற்றப்படுகிறது. அவ்வுப்போ நீரில் கரைவது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில், தினந்தோறும் மாலையில் மருந்து கழுவப்படும் நோயாளியின் கதி அப்பெஞ்சுக்கு நேர்கிறது. பாட்டன் சீவிய மரம் என்னும் உரிமை, பேரனைப் பார்த்து மரம் காட்டும் விசுவாசமாக மாறுவதில்லை.

மூன்றாவது செங்கால் மரபு. மலேசிய வகைப்பாட்டில் வன்கடின மரம் எனப்படும் இவ்வினத்தில் ஒரு கனமீட்டர் 900 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. திரெங்கானுவின் பெரும்படகுகள் இதனால் கட்டப்பட்டவை. முன்கூட்டித் துளையிடாமல் ஆணியடிப்பவரின் ஆணி வளையும். இது நிலைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். விலையும் எல்லாருக்கும் தெரியும். ஆகவே இம்மரபுக்கு ஆதரவாளர் பலர், பின்பற்றுவோர் சிலர்.

இணைப்பு முறையிலும் பூசல் உண்டு. ஒரு சட்டத்தின் முனையைச் செதுக்கி உருவாக்கும் கழுந்தை மற்றொன்றின் துளையில் செருகுவதே தச்சு என்பார் ஒரு சாரார். திருகாணி முடுக்குவதே போதும் என்பார் மறு சாரார். வெளிமுற்றத்தில் இருவரையும் தோற்கடிப்பது நீர்: மூடிய துளைக்குள் தங்கி மரத்தை அழுகச் செய்கிறது, சாதாரண இரும்புத் திருகைத் துருப்பிடிக்க வைக்கிறது. இருக்கைப் பலகைகளுக்கிடையே இடைவெளி விட்டு, துருவேறா எஃகுத் திருகைப் பயன்படுத்தி, நீரை உறிஞ்சும் கால்நுனிகளைச் சிமெந்துத் தரையில் படாமல் ரப்பர்க் கட்டைமேல் நிறுத்துபவரே நெடுநாள் உட்காருவார். பால்மரத்துக்கு இம்முற்றத்தில் உண்மையான பணி அதுதான்.

அளவைப் பொறுத்தவரை, மயமதம் என்னும் சிற்பநூல் படுக்கைக்கும் இருக்கைக்கும் தனி அத்தியாயம் ஒதுக்கியிருப்பினும், வடிகாலை நோக்கிச் சரிந்த போர்ச்சுத் தரையை அந்நூலார் கண்டதில்லை. நீர்மட்டக் கருவியை நம்பிக் கால்களை வெட்டினால் பெஞ்சு நேராகவும் தரை கோணலாகவும், கண்ணை நம்பி வெட்டினால் தரை நேராகவும் பெஞ்சு கோணலாகவும் தோன்றும். ஓடுகள் மேடுபள்ளமாக இருந்தால் ஆட்டமும் சேரும். இக்கட்டத்தில் அடுத்த வீட்டார் தே தாரிக் பொட்டலத்துடன் வேலியருகே வந்து, "அண்ணே, அந்த வலது கால் கொஞ்சம் ஆடுதுலா" என்பது துறைசார் மதிப்பீடு எனக் கொள்ளத்தக்கது. அக்காலைச் சிறிது குறைத்தால் எதிர்க்கால் ஆடும். அதைக் குறைத்தால் முதற்கால். 18 அங்குலத்தில் தொடங்கிய பெஞ்சுகள் இவ்வாறே மணை என்னும் தாழ்வான பலகையின் இனத்தை நெருங்குகின்றன. ஆட்டம் தாளாமல் சிலர் பெஞ்சைக் கதவுக்கு வெளியே சாலையோரம் வைத்துப் பார்ப்பர். அங்கே 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அதை இருக்கையாகக் கருதாமல் தடங்கலாகக் கருதும்.

பராமரிப்பு ஆண்டுக்கொரு முறை எண்ணெய்ப் பூச்சு. அதைத் தீபாவளிக்கு முன் பூச வேண்டும் என்பது விதி. ஆனால் அக்டோபர், நவம்பர் மாதங்கள் மழை மிகுந்தவையாதலாலும், தீபாவளிக்கு முன் வீட்டுச் சுவருக்கே சாயம் பூசி முடியாதாகையாலும், பூச்சு பொங்கலுக்கும், பொங்கலிலிருந்து தைப்பூசத்துக்கும், பத்துமலைக்கு நடந்த கால்வலி தீரும் வரைக்கும் ஒத்திவைக்கப்படுகிறது. பெஞ்சின் மேல் செருப்புகளும் பூச்சட்டிகளும் இடம்பிடித்துவிட்ட நிலையில், அதன் அடியில் மூடி திறக்கப்படாமல் இருக்கும் எண்ணெய் டின் மட்டும் மழை படாமல், கறையான் தீண்டாமல், வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கிறது.