ஆடத் தெரியாதவனின் ஜாய்ஸ்டிக்

எங்கள் தெருவில் அப்போது டிவி கேம் இருந்தது ஒரே ஒரு வீட்டில். கேசட்டை ஊதி ஊதிச் சொருகி, ஆளுக்கு ஓர் ஆட்டம். மரியோ செத்ததும், ஆடியவன் சொல்லும் வசனம் ஒன்றுதான்: "பட்டன் அமுங்கலடா!" ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்களுக்குக் கூடம் இல்லை, ஜாய்ஸ்டிக் இருந்தது. அந்த வசனத்தை அதிகம் பேசியவன் நான்.

அந்தக் கணக்கைத் தீர்க்க, சொந்தமாக ஒரு கேம் பெட்டி செய்யத்தான் நாற்பத்தைந்து வயதில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினிப் பலகை, ஒரு ஜாய்ஸ்டிக், எட்டு பட்டன், கலர் கலராய் ஒயர். பழைய டீப்பாயை அறுத்துப் பெட்டி. "ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை" என்று வீட்டில் சொன்னேன். எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.

தாவும் பட்டனை முதன்முதலாக அழுத்தினேன். மரியோ தாவவில்லை, பெட்டியே அணைந்துபோனது. பலகையில் 40 பின்கள். சென்னை வீடுகளுக்குப் பழைய கதவு எண், புதிய கதவு எண் இருப்பதுபோல பல பின்களுக்கு இரண்டு எண்கள். மென்பொருள் 4 என்று கூப்பிடும் பின், வரிசையில் 7ஆவது. வரிசையில் 4ஆவதாகக் குடியிருப்பது 5 வோல்ட். நான் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, மின்சாரத்தை நேராக கிரவுண்டுக்கு அனுப்பியிருக்கிறேன். பலகை பிழைத்தது முன்னோர் செய்த புண்ணியம்.

அடுத்து, வலப்பக்கம் தள்ளினால் மரியோ இடப்பக்கம் போய்த் திரையின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றார். ஜாய்ஸ்டிக்கின் தண்டு சீசாப் பலகைபோல நடுவில் அச்சு கொண்டது. மேல்முனையை வலப்பக்கம் தள்ளினால் அடிமுனை இடப்பக்கம் போய் அங்குள்ள சுவிட்சை அமுக்கும். அதாவது, ஒயரை எதிர்ப்பக்கத்தில் கொடுக்க வேண்டும்.

மாற்றிய அவசரத்தில் ஒரு ஒயர் தவறான காலில் ஏறிவிட்டது. ஜாய்ஸ்டிக்கின் மைக்ரோ சுவிட்சுக்கு மூன்று கால்கள்: பொது, அமுக்கினால் இணைவது, அமுக்கினால் பிரிவது. மூன்றாவதில் மாட்டியதால், நான் தொடாமலே மரியோ வலப்பக்கம் ஓடிப்போய் முதல் காளானிடம் உயிரைவிட்டார். தள்ளினால் நின்றார். வீட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பையனும் இப்படித்தான்.

கடைசியில் வந்தது பெரிய வியாதி. முதல் மூன்று பட்டன் வேலை செய்தது. மீதி ஐந்தும் பிணம். செத்த பட்டனின் இரண்டு கால்களையும் ஒரு துண்டு ஒயரால் தொட்டுப் பார்த்தேன். அப்போதும் அசைவில்லை. ஆகவே பட்டன் நிரபராதி. மல்டிமீட்டரை எடுத்தேன். இணைப்பு இருந்தால் 'பீப்' சத்தம் வரும். வந்தது. உள்ளிருந்து குரலும் வந்தது: "அந்த ஃப்ரிட்ஜ் கதவை ஒழுங்கா சாத்துங்க!"

கிரவுண்ட் ஒயர் ஒன்றுதான், பட்டன் பட்டனாகத் தொட்டுப் போகும். நடுவில் ஓரிடத்தில் விட்டுப்போனால் அதற்கப்பால் இருட்டு. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் மட்டும் மீட்டர் மௌனம் காத்தது. உருவிப் பார்த்தால், ஒயர் நுனியைப் பிடிக்கும் லக்கு கடித்துக்கொண்டிருந்தது செம்பை அல்ல, மேலிருந்த பிளாஸ்டிக் தோலை. கடிக்கவைத்தவன் நான்தான்.

ஆறாவது ஞாயிறு. எட்டு பட்டனும் எட்டு பீப். ஜாய்ஸ்டிக் சொன்ன பேச்சைக் கேட்டது. குடும்பம் கூடியது. ஆட்டத்தைத் தொடங்கினேன்.

முதல் காளான் வந்தது. செத்தேன்.

"என்னப்பா, பட்டன் அமுங்கலையா?" என்றான் மகன், உண்மையான கரிசனத்தோடு. எட்டு பட்டனையும் சோதித்து 'ஓகே' என்று நானே எழுதி ஒட்டிய தாள் பெட்டியின் மேலேயே இருந்தது.

அன்றிரவு எல்லோரும் தூங்கியதும், தாவும் பட்டனின் லக்கை மட்டும் லேசாகத் தளர்த்தி வைத்தேன்.